பீட்டர்காவும் போய்விட்டார்

குழு: வீட்டு ஹொக்கி
2025 ஜூன், கடைசி வாரம்

[8:06] தம்பி: பார்த்தீர்களா? எங்கள் பஃபலோ சேபர்ஸ் பனி ஹொக்கி அணி, முன்கள வீரர் பீட்டர்காவை யூட்டா அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு மைக்கேல் கெசல்ரிங், ஜோஷ் டோன்.

[8:07] சின்ன மாமா: உறுதியான செய்தியா?

[8:07] தம்பி: ஓம் மாமா. யூட்டா அவருக்கு 5 வருட ஒப்பந்தமும் கொடுத்திருக்கிறது, வருடத்துக்கு 7.7 மில்லியன் டொலர்.

[8:09] நான்: 23 வயதுப் பெடியன். போன சீசனில் 68 புள்ளிகள் (போட்ட கோலும் உதவிய கோலும் சேர்த்து). பஃபலோவில் தேஜ் தாம்சனைத் தவிர வேறு யாரும் அவரைவிட அதிகம் எடுக்கவில்லை. எனக்குக் கோபமாக வருகிறது.

[8:11] சித்தி: அந்தக் காசைப் பஃபலோவே கொடுத்து வைத்திருக்கக் கூடாதா? ஒப்பந்தம் முடிந்தால் ஆள் தன் பாட்டில் போய்விடலாமா?

[8:14] தம்பி: இல்லை சித்தி, அதுதான் வயிற்றெரிச்சல். பொதுவாக 27 வயது ஆகும் வரை, அல்லது 7 சீசன் ஆடி முடிக்கும் வரை, ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரின் உரிமை பழைய அணியிடம்தான் இருக்கும். வேறு அணி விலை சொன்னால் அதே விலையைக் கொடுத்துத் தக்கவைக்கலாம். விட்டுவிட்டால் ட்ராஃப்ட் தெரிவுகளை, அதாவது புதிய இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்கிற வாய்ப்புகளை, ஈடாக வாங்கலாம். பீட்டர்கா விஷயத்தில் பஃபலோவின் கைதான் ஓங்கியிருந்தது. ஒரு அணியின் மொத்தச் சம்பள வரம்பும் இந்த முறை 88 மில்லியனிலிருந்து 95.5 ஆகிறது. காசில்லை என்று சொல்ல முடியாது.

[8:17] அத்தான்: ஒரு நிமிடம். கெசல்ரிங் நல்ல ஆள். 6 அடி 5 அங்குலம், வலக்கைக்காரர். தற்காப்பு வீரர் ஓவன் பவருக்குப் பக்கத்தில் நிற்க அப்படி ஒருவர் இல்லாமல்தானே இவ்வளவு நாளும் கோல் வாங்கினீர்கள்? போன சீசனில் உங்கள் சிக்கல் கோல் போடுவதில் இல்லை, தடுப்பதில். கோல் காப்பாளர் (கோலி) லூக்கோனனின் தடுப்பு விகிதம்கூட 90 விழுக்காட்டுக்குக் கீழே. டோனும் உழைக்கிற பெடியன். இருக்க விருப்பமில்லாத ஆளை இழுத்துப் பிடித்து என்ன செய்வது?

[8:19] நான்: அத்தான், கெசல்ரிங்கை நானும் குறை சொல்லவில்லை. தற்காப்புக்கு ஆள் வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை போடுவதா? அதற்கு முன்னே ஒரு கேள்வி இருக்கிறது. ஏன் ஒவ்வொரு பெடியனுக்கும் இங்கே இருக்க விருப்பம் போய்விடுகிறது?

[8:20] பெரியக்கா: அதைத்தான் கதைக்க வேண்டும்.

[8:26] நான்: ரயன் ஒ'ரைலியை 2018-இல் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தார்கள். தோற்றுத் தோற்று ஆட்டத்தின் மேலிருந்த ஆசையே போய்விட்டது என்று அவர் வெளிப்படையாகச் சொன்ன வருடம் அது. அடுத்த வருடமே ஸ்டான்லி கோப்பை, பிளேஓஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்றுகள்) சிறந்த வீரர் விருதும் அவருக்கே. 2021-இல் சாம் ரைன்ஹார்ட் புளோரிடாவுக்கு. 2024 இறுதியில் ஏழாவது ஆட்டத்தின் வெற்றிக் கோல் அவருடையது. இந்த மாதம் இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் தனியாக 4 கோல் போட்டதை எல்லோரும் பார்த்தோமே. ரைன்ஹார்ட் போன அதே 2021 கோடையில் கோலி லினஸ் உல்மார்க் ஒப்பந்தம் முடிந்து பொஸ்டனுக்குப் போனார். இரண்டு சீசன் கழித்து லீக்கின் சிறந்த கோலி. மொன்டூரை ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவுக்குக் கொடுத்தார்கள், அவரும் புளோரிடாவோடு கோப்பை தூக்கிவிட்டார். ஐக்கலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

[8:28] சித்தி: ஐக்கல் கழுத்து ஒப்பரேஷன்காரர்தானே?

[8:31] நான்: ஓம் சித்தி. கழுத்துத் தட்டு விலகியிருந்தது. அவர் செயற்கைத் தட்டு வைக்கிற சிகிச்சை கேட்டார். அணியின் மருத்துவர்கள் எலும்பை இணைக்கிற சிகிச்சைதான் என்று நின்றார்கள். அவர் கேட்டதை அதுவரை எந்த என்எச்எல் லீக் வீரரும் செய்துகொண்டதில்லை, அணியின் பயமும் விளங்கக்கூடியதுதான். ஆனால் மாதக்கணக்கில் இழுத்தார்கள், கப்டன் பதவியைப் பறித்தார்கள், 2021 நவம்பரில் வேகாஸுக்கு அனுப்பினார்கள். வேகாஸ் அவர் கேட்ட சிகிச்சைக்கு ஓம் சொன்னது. 2023-இல் கோப்பை. அந்த பிளேஓஃபில் அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவர்தான். ஒரு மனிதன் தன் கழுத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்காத இடத்தில் மற்றப் பெடியன்கள் எப்படி மனமொத்து இருப்பார்கள்?

[8:33] சின்ன மாமா: ஐக்கலுக்காக நாங்கள் கொடுத்த விலை உங்களுக்கு முழுதாகத் தெரியாது பிள்ளை.

[8:41] சின்ன மாமா: 2014-15 சீசன். எல்லோரும் ஆசைப்பட்ட இளம் வீரர் மக்டேவிட் வருகிற ட்ராஃப்ட். கடைசி இடத்துக்கு வந்தால் ஒன்று மக்டேவிட், இல்லாவிட்டால் ஐக்கல் நிச்சயம் என்று அணியைத் திட்டமிட்டே பலவீனமாக்கினார்கள். மார்ச்சில் அரிசோனா வந்தது. அவர்களும் எங்களோடு கடைசி இடத்துக்குப் போட்டி. அன்று நயாகராவிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போய் அரங்கில் இருந்தேன். மேலதிக நேரத்தில் அரிசோனா கோல் போட்டது. எங்கள் ஆட்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். சொந்த அரங்கில், எதிரணியின் கோலுக்கு! பனியில் நின்ற எங்கள் பெடியன்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் தோற்க வரவில்லை, ஆட வந்தவர்கள். கோலி ஹாஷெக் காலத்திலிருந்து பார்க்கிறேன், 1999 இறுதித் தோல்வியைக்கூடத் தாங்கினேன். இது அதைவிடக் கேவலம்.

[8:43] சின்ன மாமா: கடைசியில் முதல் தெரிவு யாருக்கு என்ற லொத்தரில் எங்களுக்கு 20 விழுக்காடு வாய்ப்பு, எட்மன்டனுக்கு 11.5. மக்டேவிட் எட்மன்டனுக்குப் போனார், எங்களுக்கு ஐக்கல்.

[8:44] பெரியக்கா: மாமா, அதை இதுவரை எங்களுக்குச் சொன்னதே இல்லையே.

[8:45] சின்ன மாமா: சொல்லப் பிடிக்காது பிள்ளை.

[8:49] அத்தான்: மாமா சொல்வது வேதனைதான். ஆனால் எல்லா விற்பனையும் பிழை என்று சொல்ல மாட்டேன். ஒ'ரைலிக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர்தான் தாம்சன். போன சீசனில் 44 கோல். ஐக்கலுக்குப் பதிலாக வந்த டக் 36.

[8:53] நான்: தாம்சன் விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள் அத்தான். 2020-21-இல் அவருக்கு 8 கோல்தான். அடுத்த சீசன் 38, அதற்கடுத்தது 47. அவரை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றி, பொறுமையாக ஆட விட்டார் பயிற்சியாளர் டொன் கிரனாடோ. அவரை வாங்கிய மேலாளர் பொட்டரில் அதற்கு முன்பே, 2020-இல், வேலையை இழந்துவிட்டார். அதாவது பொறுத்தபோது பலன் கிடைத்த ஒரே பெரிய உதாரணம் தாம்சன். மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை.

[8:55] சித்தி: மாங்கன்றை நட்டு, தண்ணீர் ஊற்றி, பூக்கிற நேரம் பார்த்துக் காணியை விற்கிற கதை.

[8:56] தம்பி: அதேதான் சித்தி. வாங்கியவன் வீட்டில் மாம்பழம்.

[9:02] தம்பி: 2011-க்குப் பிறகு பிளேஓஃப் இல்லை, தொடர்ந்து 14 சீசன். லீக் வரலாற்றில் வேறு எந்த அணிக்கும் இவ்வளவு நீளம் இல்லை. இந்தக் காலத்தில் மேலாளர்கள்: ரெகியர், மரே, பொட்டரில், இப்போது அடம்ஸ். பயிற்சியாளர்கள்: ரஃப், ரோல்ஸ்டன், நோலன், பைல்ஸ்மா, ஹவுஸ்லி, குரூகர், கிரனாடோ, மறுபடியும் ரஃப். ஒருவர் தெரிவு செய்த பெடியனை அடுத்தவர் தன் ஆளாக நினைப்பதில்லை.

[9:04] சின்ன மாமா: ரஃப் திரும்பி வந்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். 1997 முதல் 2013 வரை இருந்த மனிதர். ஆனால் அவரும் உள்ளதை வைத்துத்தானே ஆட முடியும்.

[9:06] பெரியக்கா: 2022-23-இல் என்ன நடந்தது? அந்த வருடம் ஆசையாகப் பார்த்தோமே.

[9:13] தம்பி: அணிகளின் தரவரிசையில் ஒரே ஒரு புள்ளியில் பிளேஓஃப் போனது அக்கா. பஃபலோ 91, புளோரிடா 92. அந்த 92-ஐ வைத்துக்கொண்டு புளோரிடா இறுதி வரை போனது. பஃபலோவுக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு அனுபவமுள்ள கோலியும், பிளேஓஃப் பார்த்த இரண்டு மூன்று பழைய ஆட்களும். அந்தக் கோடையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பெடியன்கள் தானாக வளர்வார்கள் என்று விட்டுவிட்டு, தற்காப்பு வீரர்கள் டாலின், பவர் இருவருக்கும் நீண்ட ஒப்பந்தம் எழுதினார்கள். முன்கள வீரர் கசின்ஸுக்கு ஏற்கெனவே 7 வருடம் எழுதியாயிற்று. டாலின் சரி, எந்த விலையும் தகும். கசின்ஸை இந்த மார்ச்சில் ஒட்டாவாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலாக வந்த ஜோஷ் நோரிஸ் ஒரு சில ஆட்டங்களிலேயே காயம்.

[9:15] நான்: 7 வருடம் நம்புகிறோம் என்று கையெழுத்துப் போட்டு, இரண்டு வருடத்தில் அனுப்பினால், மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்? பீட்டர்காவும் பார்த்திருப்பார்.

[9:18] அத்தான்: அடம்ஸ் டிசம்பரில் சொன்னதையும் யோசியுங்கள். எங்களிடம் பனை மரங்கள் இல்லை, நியூயோர்க்கில் வரி அதிகம், பல வீரர்களின் வரவிரும்பாத பட்டியலில் எங்கள் அணி இருக்கிறது என்றார். அதில் உண்மை இருக்கிறதே. புளோரிடாவிலும் நெவாடாவிலும் மாநில வருமான வரி கிடையாது.

[9:25] தம்பி: வின்னிபெக்கில் பனை மரம் இருக்கிறதா அத்தான்? பஃபலோவைவிடக் குளிர், வரியும் குறைவில்லை. ஆனால் 2023 அக்டோபரில் அந்த அணியின் ஹெலபக், ஷைஃபெலி இருவரும் ஒரே நாளில் தலா 7 வருடம், 8.5 மில்லியன் என்று கையெழுத்துப் போட்டார்கள். வேறு இடத்தில் கூடுதலாகக் கேட்டிருக்கலாம். போன சீசனில் வின்னிபெக்தான் 116 புள்ளிகளோடு லீக்கில் முதலிடம். மேலாளர் ஷெவெல்டயோஃப் 2011-இலிருந்து அதே நாற்காலியில். வானிலை காரணம் என்றால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

[9:27] சின்ன மாமா: நல்ல பதில். அடம்ஸ் அதைச் சொன்ன நேரம்தான் எனக்குச் சுட்டது. தொடர்ந்து 13 ஆட்டம் தோற்ற காலம். சில நாள் முன்னேதான் கொலராடோவிடம் 4-0 என்று முன்னணியில் இருந்து 5-4 என்று தோற்றார்கள். அந்த வாரத்தில் தலைவன் வானிலையையும் வரியையும் கதைக்கலாமா?

[9:32] பெரியக்கா: உரிமையாளரையும் சொல்லுங்கள். பெகுலாதானே பஃபலோவின் அமெரிக்கக் கால்பந்து அணியான பில்ஸையும் வைத்திருக்கிறார். பில்ஸும் 17 சீசன் பிளேஓஃப் பார்க்காமல் கிடந்தது. 2017-இல் பயிற்சியாளர் மக்டெர்மொட், மேலாளர் பீன் என்று இரண்டு பேரைக் கொண்டுவந்து அவர்களை நிலைக்க விட்டார். இன்றைக்குப் பில்ஸ் எப்படி இருக்கிறது! அதே ஊர், அதே குளிர், அதே வரி, அதே காசு. ஹொக்கியில் மட்டும் ஏன் அந்த ஒழுங்கு இல்லை?

[9:33] நான்: அக்கா, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

[9:36] அத்தான்: ஆனால் அடம்ஸும் 2020-இலிருந்து இருக்கிறார். நிலைக்க விட்டால் போதும் என்றால் இவரையும்தானே விட்டிருக்கிறார்கள்?

[9:42] நான்: நியாயமான கேள்வி. ஆளை நிலைக்க விடுவது பாதிதான். அந்த ஆள் அணியைச் சுற்றி என்ன கட்டுகிறார் என்பது மீதி. அடம்ஸ் வருடா வருடம் லீக்கின் மிக இளைய அணிகளில் ஒன்றைத்தான் பனியில் இறக்கினார். தோல்வி வரிசை தொடங்கினால் அறையில் எழும்பிக் கதைக்க ஆளில்லை. மூத்த வீரர் ஒகபோசோ இருந்தார், 2024 மார்ச்சில் அவரும் புளோரிடாவுக்குப் போய்க் கோப்பையோடு ஓய்வு பெற்றார். அனுபவமுள்ள ஸக்கர் வந்தது நல்லது, மார்ச்சில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று கையெழுத்தும் போட்டார். அப்படி நாலு பேர் 2022-இலேயே வேண்டும். எனக்குக் கேட்டால், அடம்ஸின் பெரிய பிழை விற்றது அல்ல, பெடியன்களைத் தனியே விட்டது.

[9:44] அத்தான்: அதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் டொரொண்டோ லீஃப்ஸ் அணி மறுபக்கம். ஒரே ஆட்களை ஒன்பது வருடம் பிடித்து வைத்து, இப்போது அவர்களில் ஒருவரான மார்னர், பதிலுக்கு ஒன்றும் கிடைக்காமலே போகப் போகிறார் போலிருக்கிறது. 1967-இலிருந்து கோப்பைக்குக் காத்திருக்கிறோம்.

[9:45] சின்ன மாமா: மருமகன், நீங்கள் பிளேஓஃபாவது பார்க்கிறீர்கள்.

[9:48] சித்தி: சரி, இனி என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமை ட்ராஃப்டில் நல்ல ஆள் வருவாரா?

[9:52] தம்பி: ஒன்பதாவது தெரிவு இருக்கிறது சித்தி. ஆனால் 18 வயதுப் பிள்ளை எவரும் வருகிற ஒக்டோபரில் அணியைக் காப்பாற்ற மாட்டார். டாலின் 2018-இல் முதல் தெரிவு, பவர் 2021-இல் முதல் தெரிவு. முதல் தெரிவுகளுக்கா பஞ்சம்?

[9:58] நான்: நான் பார்ப்பது ஜூலை 1-ஐ. டக்கின் ஒப்பந்தத்தில் ஒரு சீசன்தான் மிச்சம், ஜூலை 1-இலிருந்து நீட்டிக்கலாம். சிரக்கியூஸ் பெடியன், சிறுவயதிலிருந்தே சேபர்ஸ் ரசிகர். பஃபலோவில் இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிற ஆள். இப்போது 4.75 மில்லியன் வாங்குகிறார், இரட்டிப்பாகக் கேட்டாலும் நியாயம்தான். அவரோடு உடனே உட்கார்ந்து பேச வேண்டும். தற்காப்பு வீரர் பைரமுக்கும் ஒப்பந்தம் முடிகிறது, 24 வயது, ஏற்கெனவே கொலராடோவோடு கோப்பை எடுத்தவர். அவரையும் பீட்டர்கா வழியில் அனுப்பினால் நான் உண்மையாகவே உடைந்துபோவேன்.

[9:59] சின்ன மாமா: டக்கை விட்டால் நானும் மன்னிக்க மாட்டேன்.

[10:01] அத்தான்: டக் வயது 29, நீண்ட ஒப்பந்தம் கொடுத்தால் கடைசி வருடங்களில் சுமையாகும். முன்கள வீரர் ஸ்கின்னருக்கு வருடம் 9 மில்லியன் என்று 8 வருடம் எழுதி, போன கோடையில் காசு கொடுத்து விலக்கியதை மறக்க வேண்டாம்.

[10:05] நான்: மறக்கவில்லை. ஸ்கின்னருக்குக் கொடுத்தது ஒரு நல்ல சீசனுக்கான பரிசு. டக் இரண்டு பக்கமும் ஆடுகிறார், ஆள் குறைவாக இருக்கும்போதும் இறங்குகிறார், பெடியன்கள் அவரைப் பார்த்துப் பழகுகிறார்கள். கடைசி இரண்டு வருடம் சுமையானால் ஆகட்டும். நான் கையெழுத்துப் போடுவேன்.

[10:06] தம்பி: நானும்.

[10:07] பெரியக்கா: தம்பி, டக் செய்தி ஏதும் வந்தால் முதலில் இங்கே போடு. நான் வேலையில் இருந்தாலும் பார்ப்பேன்.

[10:08] சின்ன மாமா: கெசல்ரிங் பவரோடு எப்படி ஆடுவார் என்றும் பார்க்க வேண்டும். முன்பயிற்சி ஆட்டங்கள் செப்டம்பரில். யார் என்னோடு பாலம் தாண்டி வருகிறீர்கள்?

[10:08] நான்: நான் வருகிறேன் மாமா.

[10:09] அத்தான்: நானும் வருகிறேன். லீஃப்ஸ் சட்டையைப் போட மாட்டேன்.