அப்பாவின் மறதியும் எலும்பில் சுரக்கும் ஹோர்மோனும்

மாங்குளத்தான்:
அப்பாவுக்கு 67 வயது, சலரோகம் வந்து 15 வருடம். இப்போது மறதி கூடுகிறது. வயலில் தண்ணீர் மெசினை நிறுத்தாமலே வீட்டுக்கு வந்துவிடுகிறார். இரண்டு தரம் வரம்பு உடைந்தது. நேற்று காலைக் குளிசையைப் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடியும் உள்ளங்கையில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். எலும்பில் சுரக்கும் ஒஸ்ரியோகல்சின் என்ற ஹோர்மோன் குறைவாக உள்ள சலரோக ஆண்களுக்கு ஞாபகம் மங்கும் என்று வாசித்தேன். அதைச் சோதிக்கலாமா?

வட்டக்கச்சி அக்கா:
தம்பி, நான் தாதியாக இருந்தவள். 2007இல் நியூயோர்க்கில் ஆய்வாளர் கார்சென்ரியின் குழு, இந்த ஹோர்மோன் எலிகளில் இன்சுலின் சுரப்பைக் கூட்டுகிறது என்று காட்டியது. 2013இல் அதே குழு, இது இல்லாத எலிகளுக்கு ஞாபகம் மந்தம் என்றது. மனிதரில் தொடர்பு தெரிந்தாலும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கிளினிக்கில் வழக்கமாகப் பார்க்கிற சோதனையும் இல்லை. அப்பா சலரோகக் குளிசையான மெற்போமின் எடுக்கிறாரா? நெடுங்காலம் எடுத்தால் உடம்பில் பி12 விற்றமின் குறையலாம், அதுவும் மறதி தரும். முதலில் அதைக் கேளுங்கள்.

முத்தையன்கட்டு அண்ணை:
குளிசையை உங்கள் கையால் கொடுங்கோ. சில குளிசை இரண்டு தரம் போனால் சீனி இறங்கி ஆள் தடுமாறும். என் மச்சான் அப்படித்தான் ஒருநாள் வியர்த்துக் கொட்டி, என்னை யார் என்று கேட்டவர்.

மாங்குளத்தான்:
மெற்போமின் 12 வருடமாக எடுக்கிறார் அக்கா. பி12 பற்றி யாரும் சொல்லவில்லை. வியாழன் கிளினிக், கேட்கிறேன். குளிசைப் போத்தல் இப்போது என் அலுமாரியில்.