உடம்புக்குள் டைட்டேனியம்: உங்கள் அனுபவம் எப்படி?

லயத்துப்பிள்ளை, ஹட்டன்

பெரியம்மா கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. இடுப்பு மூட்டையே மாற்றினார்கள். எலும்புக்குள் இறக்கிய தண்டு டைட்டேனியம்; 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்தது. "துரு பிடிக்காதா டொக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். அதன்மேல் தானாகவே ஒக்சைட் படலம் படிந்துவிடுமாம், துருவுக்குப் பயமில்லை. பயம் எலும்பைப் பற்றித்தான்! அந்தக் கலவையின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல் (அதை அளக்கும் அலகு), கெட்டியான எலும்புக்கோ 10 முதல் 30 வரைதான். வீட்டில் ஒருத்தியே எல்லாச் சுமையையும் தூக்கினால் மற்றவர்கள் சோம்பிப் போவார்கள் இல்லையா, அப்படி எலும்பும் வேலையின்றி இளைக்கும். வருடங்கள் போகப்போகத் தண்டு ஆடத் தொடங்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 200 அளவில் நிற்கும் என்பதால் இதுவே பரவாயில்லையாம்.

உலோகப்பைத்தியம், பேராதனை

டொக்டர் சொன்னது சரி. அந்தக் கலவை 1950களில் விமானத்துக்காக உருவானது, எலும்பை நினைத்துச் செய்ததல்ல. இப்போது வனேடியத்தையும் அலுமினியத்தையும் விட்டுவிட்டு நையோபியம், சிர்கோனியம், டான்டலம் சேர்க்கிறார்கள். விறைப்பு 60 பக்கம் இறங்கிவிடுகிறது. ஆனால் விறைப்பைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பத் திரும்ப விழும் சுமையைத் தாங்கும் வலுவும் குறைகிறது. சாதாரணமாக நடமாடும் ஒருவர் வருடத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் தடவை ஒரு காலை ஊன்றுகிறார். அத்தனை தடவையும் தண்டு விரிசல் விடாமல் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் ஆய்வுகூடத்தில் தலைவலியே இதுதான். இன்னொன்று, டைட்டேனியம் உரசலைத் தாங்காது. பெரியம்மாவின் மூட்டிலும் தண்டின் நுனியில் உரசிச் சுழலும் பந்து கோபால்ட்-குரோமியமாகவோ செராமிக்காகவோ இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சுருட்டுத்தாத்தா, பண்டாரவளை

எனக்குப் பல் மட்டும்தான். தாடை எலும்பு ஒடுக்கமாம், அதனால் டைட்டேனியத்தில் சிர்கோனியம் கலந்த மெல்லிய ஆணி வைத்தார்கள். கலப்பில்லாத டைட்டேனியத்தைவிட வலு கூட. சுவீடன் ஆய்வாளர் பிரோனமார்க் 1952இல் முயல் எலும்பில் வைத்த டைட்டேனியம் கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து, 1965இல் முதல் மனிதருக்கு வைத்தாராம். பல் டொக்டர் இந்தக் கதையைச் சொன்னபோது என் வாய் திறந்தே இருந்தது, பதில் பேச வழியில்லை. எலும்பு பிடிக்க மாதக்கணக்கில் காத்திருந்து அப்புறம்தான் மேல் பல். சுருட்டை விடச் சொன்னார். ஈறு வீங்கி எலும்பு கரைந்தால் எந்தப் புதுக் கலவையும் நிற்காதாம். பாதிதான் விட்டிருக்கிறேன்.