மீட்டிங் ரூம் தேடும் வசதி: அவுட்லுக் நிர்வாகம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் அவுட்லுக்கின் ரூம் ஃபைண்டரை (காலியான மீட்டிங் ரூமைத் தேடித் தரும் வசதி) அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ரூம் லிஸ்ட் (அறைகளின் பட்டியல்) உருவாக்கி, செட்-பிளேஸ் கட்டளையில் கட்டிடம், மாடி, எத்தனை பேர் உட்காரலாம் என்பதையெல்லாம் கொடுத்துவிட்டேன். அறைகள் ஒழுங்காகத் தெரிகின்றன. அதுவரை சரி.

சிக்கல் வேறு. வேலையை விட்டுப் போனவர்கள் போட்டுவைத்த வாராந்திரக் கூட்டங்கள் இன்னும் அறைகளைப் பிடித்துவைத்திருக்கின்றன. காலண்டரில் புக் ஆகிவிட்டதாகக் காட்டும். எட்டிப் பார்த்தால் உள்ளே ஆளே இல்லை. நேர்காணலுக்கு வந்தவர்களை வரவேற்பறையில் உட்காரவைத்தே பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் கூச்சப்பட்டுப் பதில் சொல்வதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஒருவர் போட்ட இனி வரும் கூட்டங்களை ரத்து செய்ய ரிமூவ்-காலண்டர்ஈவென்ட்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அதைக் கூட்டத்தைப் போட்டவரின் மெயில்பாக்ஸில்தான் ஓட்ட வேண்டும். இங்கே அந்த மெயில்பாக்ஸ்கள் நீக்கப்பட்டுவிட்டன. அறையின் காலண்டரிலிருந்தே இவற்றை மொத்தமாக அழிக்க வழி உண்டா? ஒவ்வொன்றாகத் திறந்து அழிப்பது கட்டுப்படியாகாது.

அப்புறம், முன்பதிவு வரம்பு, அதாவது எத்தனை நாள் முன்னதாக அறையைப் புக் செய்யலாம் என்பது, வழக்கமாக 180 நாள். அதை 60 ஆகக் குறைத்தால், முடிவு தேதி அதைத் தாண்டும் தொடர் கூட்டங்களை அறை ஏற்காது. அதுவே நல்லது என்பது என் எண்ணம். அப்படிச் செய்தவர்கள் இருந்தால், ஊழியர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள்.