வெக்கையின் சிதம்பரம் அசுரனில் எங்கே போனான்?

செங்காட்டான்:
பூமணியின் வெக்கையை இப்போதுதான் முடித்தேன். அதிலிருந்து எடுத்த அசுரன் படத்தை முன்பே பார்த்துவிட்டது வினையாகிவிட்டது. நாவல் தொடங்கும்போதே சிதம்பரம் தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறான், 15 வயசுப் பையன், கையை மட்டும் எடுக்கத்தான் நினைத்தான், ஆளே செத்துப்போனான். அங்கிருந்து கடைசிவரை நாமும் அவன்கூடவேதான் ஓடுகிறோம். படத்திலோ அவன் அப்பாவாக வரும் தனுஷின் சிவசாமிதான் எல்லாம், பையன் முறைத்துக்கொண்டே பின்னால் வருகிறான். நாயகனையே மாற்றியபிறகு அதை அந்த நாவலின் படம் என்று சொல்லலாமா? தனுஷுக்காக மட்டும்தான் மாற்றினார்களா?

முல்லைவாசகி:
தனுஷும் ஒரு காரணம், அதில் என்ன சந்தேகம். தெலுங்கில் வெங்கடேஷை வைத்து எடுத்தபோது (நாரப்பா, 2021) அப்பாவின் பெயரையே தலைப்பாக வைத்துவிட்டார்கள், பையன் அங்கே இன்னும் ஒரு படி கீழே.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நாவலில் அய்யாவுக்கும் மகனுக்கும் சண்டையே கிடையாது. மூத்தவனைக் கொன்றவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் இரண்டு கருத்தில்லை, அதனால் செய்துவிட்டு வந்தவனை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதும் இல்லை. காட்டில் இரண்டு பேரும் சோறாக்கித் தின்றுகொண்டு, பழைய கதை பேசிக்கொண்டு கிடக்கிறார்கள், அந்தப் பேச்சுதான் நாவலே. படத்தில் பையன் கண்ணுக்கு அப்பா பயந்தாங்கொள்ளி. மூத்தவனை மீட்க எதிராளி ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறார் பாருங்கள், அதெல்லாம் இடைவேளைச் சண்டையில் அவர் எழும்போது தியேட்டர் அதிர வேண்டும் என்பதற்காகக் கட்டியது. நானும் விசிலடித்தேன், அது வேறு விஷயம்.

தெக்கத்தி:
முல்லை சொல்வதில் பாதிதான் சரி. படத்தின் முன்கதையில் சிவசாமி கட்டிக்கொள்ள இருந்த மாரியம்மாளைச் செருப்பைத் தலையில் சுமக்கவைத்து நடத்துவது, தலித்துகளுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம், குடிசைகளோடு ஆட்களைக் கொளுத்துவது, இதெல்லாம் நாவலில் இல்லை. அந்தத் தீயைப் பார்த்தால் 1968இல் தலித் கூலிக் குடும்பங்களைக் குடிசையோடு எரித்த கீழ்வெண்மணி ஞாபகம் வராதவர் உண்டா, 44 உயிர். அதையெல்லாம் உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால் அந்தக் காலத்தைப் பார்த்த ஆள் வேண்டும், 15 வயசுப் பையனுக்கு ஏது முன்கதை? பூமணி சாதிப் பெயரை எழுதாமலே நாவலை முடித்தார், அது அவர் வழி. இயக்குநர் வெற்றிமாறன் 2019இல் அத்தனை பேர் பார்க்கும் படத்தில் நேராகப் பேச நினைத்தார், அப்பா முன்னால் வந்தது அதனால்தான். விசிலுக்காக மட்டும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முல்லைவாசகி:
சரி, முன்கதையை விடுங்கள். கடைசியை என்ன சொல்வீர்கள்? நாவலில் அப்பனும் மகனும் சேர்ந்துதான் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். படத்தில் சிவசாமி பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, நன்றாகப் படி என்று மகனுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறார். கைதட்டத்தான் தோன்றும், ஆனால் சிதம்பரம் செய்த காரியம் சிதம்பரத்துக்கே இல்லாமல் போய்விட்டதே. பூமணி அவனைப் பெரிய ஆளாக நடத்தினார், படம் காப்பாற்றப்பட வேண்டிய குழந்தையாக நடத்துகிறது.

பழையபேப்பர்:
உதிரிப்பூக்களை யாரும் இப்படிக் கூண்டில் ஏற்றக் காணோமே? அதற்கு மூலமான புதுமைப்பித்தனின் சிற்றன்னையில் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர், மனைவியை இழந்து இரண்டாம் கல்யாணம் செய்தவர். மகேந்திரன் படத்தில் (1979) அதே பெயரில் விஜயன் செய்த ஆள் ஊரே வெறுத்து ஆற்றுக்கு அனுப்புகிற அளவுக்குக் கொடுமைக்காரன். புதுமைப்பித்தன் எழுதிய மனிதருக்கும் இவனுக்கும் பெயர்தான் பொருத்தம். அசுரனில் பையன் பெயராவது, செய்த கொலையாவது அப்படியே இருக்கிறது, அவனாக நடித்த கென் கருணாஸும் குறை வைக்கவில்லை.

செங்காட்டான்:
தெக்கத்தி அண்ணே, முன்கதைக்காக அப்பாவை முன்னால் கொண்டுவந்தது புரிகிறது. அதற்காகப் பையனுக்கு அவரைப் பிடிக்காமல் போக வேண்டும் என்று என்ன கட்டாயம்? அவர் யாரென்று அவனுக்கு முன்பே தெரிந்திருந்தாலும் அந்த முன்கதையைக் காட்டியிருக்கலாமே. சிற்றன்னையை இந்த வாரமே எடுத்துவிடுகிறேன், பழையபேப்பர்.