உதவி: மாதிரிச் செயலி முதல் முறை விழுகிறது, இரண்டாம் முறை ஓடுகிறது

பூவரசு எழுதியது:

வணக்கம். பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்காக ஒரு மாதிரிச் செயலி வைத்திருக்கிறோம். பைத்தானில் எழுதிய நூலகச் செயலி, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 16. நிரல் சேமிப்பகமான கிட்டிலிருந்து இறக்கி, செயலியையும் தரவுத்தளத்தையும் தனித்தனிக் கன்டெய்னர்களில் (ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்த ஓட்டச் சூழல்களில்) எழுப்பும் ‘டாக்கர் கம்போஸ் அப்’ என்ற ஒரே கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் எழுந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

என் கணினியில் அது ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. புதிதாக வருகிறவர்களின் மடிக்கணினிகளில் மட்டும் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ (இணைப்பு மறுக்கப்பட்டது) என்று சொல்லிவிட்டு விழுந்துவிடுகிறது. அதே கட்டளையை மறுபடியும் கொடுத்தால் சமர்த்தாக ஓடுகிறது. ‘இரண்டு முறை கொடுக்கவும்’ என்று வழிகாட்டிக் கோப்பில் எழுதிவைக்கக் கூச்சமாக இருக்கிறது.

தரவுத்தளம் தயாராகும்வரை செயலி காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். கம்போஸ் கோப்பில், தரவுத்தளத்தைச் சார்ந்தது செயலி என்று சொல்லும் ‘டிபெண்ட்ஸ் ஆன்’ போட்டு, அது நலமான பிறகே கிளம்பு என்னும் ‘சர்வீஸ் ஹெல்தி’ நிபந்தனையும் கொடுத்திருக்கிறேன். அந்த நலத்தைச் சோதிக்கும் ஹெல்த்செக் கட்டளை, போஸ்ட்கிரெஸ் தயாரா என்று கேட்கும் ‘பிஜி இஸ்ரெடி’. இவ்வளவுக்குப் பிறகும் ஏன் காத்திருக்க மறுக்கிறது?

கல்தூண் எழுதியது:

மாதிரிச் செயலிக்கு எதற்கு போஸ்ட்கிரெஸ்? எஸ்கியூலைட் போதுமே. ஒரே கோப்பு, கன்டெய்னரும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம்.

பூவரசு எழுதியது:

பாடமே ஜேசான்பி (ஜேசான் தரவைச் சேமிக்கும் வகை) நெடுவரிசையில் தேடுவதும், அந்தத் தேடலை வேகமாக்க ஜின் என்ற வகை இண்டெக்ஸ் போடுவதும்தான் ஐயா. எஸ்கியூலைட்டில் ஜின் கிடையாது.

நடுச்சாமம் எழுதியது:

தொடக்கத் தரவை எப்படி ஏற்றுகிறீர்கள்? போஸ்ட்கிரெஸ் இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சில்) ‘இனிட்டிடிபி.டி’ என்று முடியும் அடைவு ஒன்று உண்டு. அதில் எஸ்கியூஎல் கோப்பை வைத்திருக்கிறீர்களா? கோப்பு பெரியதா?

பூவரசு எழுதியது:

ஆமாம், அங்கேதான் இருக்கிறது. முழு நூற்பட்டியல் என்பதால் கொஞ்சம் பெரியதுதான். ஏறி முடியச் சில விநாடிகள் பிடிக்கும்.

நடுச்சாமம் எழுதியது:

அப்படியானால் உங்கள் ஹெல்த்செக் தவறான ஆளிடம் போய் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

தரவு அடைவு காலியாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் இமேஜ் நேராக வேலையைத் தொடங்குவதில்லை. முதலில் தரவுத்தளத்தை உருவாக்கி, ஒரு தற்காலிகச் சர்வரை எழுப்புகிறது. அந்தச் சர்வர் அதே கன்டெய்னருக்குள்ளிருந்து பேசும் வழியான யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டுமே காது கொடுக்கும், வலையமைப்பு வழியான டிசிபியில் கொடுக்காது. அதன் வழியாகத்தான் உங்கள் எஸ்கியூஎல் கோப்பு ஏறுகிறது. ஏறி முடிந்ததும் தற்காலிகச் சர்வரை நிறுத்திவிட்டு, அதன் பிறகே உண்மையான சர்வர் 5432 என்ற போர்ட்டில் (டிசிபி வாசல் எண்ணில்) எழும்.

‘பிஜி இஸ்ரெடி’க்கு முகவரி கொடுக்காவிட்டால் அதுவும் யூனிக்ஸ் சாக்கெட்டில்தான் போய்க் கேட்கும். நூற்பட்டியல் ஏறிக்கொண்டிருக்கும்போதே தற்காலிகச் சர்வர் ‘தயார்’ என்று பதில் சொல்லிவிடுகிறது. கம்போஸ் அதை நம்பிச் செயலியைக் கிளப்பிவிடுகிறது. செயலி வேறு கன்டெய்னரிலிருந்து டிசிபி வழியாக வந்து தட்டினால், அங்கே திறக்க ஆளில்லை. இரண்டாம் முறை தரவு அடைவு நிரம்பியிருப்பதால் இந்தச் சடங்கு எதுவும் நடப்பதில்லை. உங்கள் கணினியில் பழைய வால்யூம் (தரவு அடைவைக் கன்டெய்னருக்கு வெளியே காத்துவைக்கும் சேமிப்பிடம்) எப்போதும் இருப்பதால், சிக்கல் உங்கள் கண்ணில் படாமலே போய்விட்டது.

‘பிஜி இஸ்ரெடி’யோடு ‘-ஹெச்’ விருப்பத்தையும் 127.0.0.1 என்ற முகவரியையும் சேர்த்துவிடுங்கள், அது டிசிபி வழியாகவே போய்க் கேட்கும். கூடவே ‘ஸ்டார்ட் பீரியட்’ 60 விநாடி என்று கொடுங்கள். மறுமுயற்சிகளின் இயல்பு எண்ணிக்கை 3தான். இடைவெளியை 2 விநாடியாகக் குறைத்துவைத்திருந்தால், கோப்பு ஏறி முடிவதற்குள் தரவுத்தளத்தை ‘நலமில்லை’ என்று ஒதுக்கிவிடும். ஸ்டார்ட் பீரியடுக்குள் வரும் தோல்விகள் கணக்கில் சேராது.

நான் சொல்வது சரிதானா என்று தரவுத்தளத்தின் லாகை (நிகழ்வுப் பதிவை) பார்த்தாலே தெரியும். முதல் ஓட்டத்தில் ‘ரெடி டு அக்செப்ட் கனெக்‌ஷன்ஸ்’ (இணைப்புகளை ஏற்கத் தயார்) என்ற வரி, தற்காலிகச் சர்வருக்கு ஒன்று, உண்மையான சர்வருக்கு ஒன்று என இரண்டு முறை வரும். சோதனைகளுக்காகக் கன்டெய்னர்களை எழுப்பும் ஜாவா கருவியான டெஸ்ட்கன்டெய்னர்ஸ் அந்த வரி இரண்டாம் முறை வரும்வரை காத்திருப்பது இதற்காகத்தான்.

பூவரசு எழுதியது:

வால்யூமை அழித்துவிட்டுப் பார்த்தேன், அந்த வரி இரண்டு முறை வருகிறது. செயலி இரண்டாவது வரிக்குப் பிறகே கிளம்புகிறது, முதல் முறையே ஓடிவிட்டது. மிக்க நன்றி.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு, செயலியைத் தொடங்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்கிறது. இமேஜுக்குள் நுழைந்து பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கிறது!

தாழம்பூ எழுதியது:

கோப்பு இருக்கிறது, அதன் முதல் வரி குறிப்பிடும் ஷெல்தான் (ஸ்கிரிப்டை ஓட்டும் நிரல்) இல்லை. விண்டோஸில் கிட் நிறுவும்போது, இறக்கும் கோப்புகளின் வரிமுடிவை விண்டோஸ் பாணிக்கு மாற்றும் அமைப்பே பெரும்பாலும் இருக்கும். அதனால் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்கிறது. லினக்ஸ் அதையும் ஷெல்லின் பெயரோடு சேர்த்துப் படித்துத் தேடுகிறது.

ஒவ்வொருவரிடமும் கிட் அமைப்பை மாற்றச் சொல்லி அலைய வேண்டாம். செயலியின் மூல அடைவில் ‘.கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ கோப்பு ஒன்றை வைத்து, ‘.எஸ்ஹெச்’ என்று முடியும் எல்லாக் கோப்புகளுக்கும் வரிமுடிவு ‘எல்எஃப்’ (லினக்ஸ் பாணி) என்று எழுதிவிடுங்கள். ஏற்கெனவே இறக்கியவர்கள் அடைவை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கட்டும், இமேஜையும் மறுபடி கட்ட வேண்டும்.

கல்தூண் எழுதியது:

சரி, போஸ்ட்கிரெஸ்தான் என்று முடிவானபின் இரண்டைச் சொல்லிவைக்கிறேன், அடுத்து இவைதான் வரும். நூற்பட்டியலைத் திருத்தினால் பழைய வால்யூம் வைத்திருப்பவர்களுக்கு அது போய்ச் சேராது. அந்தக் கோப்பு காலி அடைவில் மட்டுமே ஏறும். ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ கட்டளையோடு ‘-வி’ சேர்த்துக் கொடுத்து வால்யூமை அழிக்கும் வழியை வழிகாட்டிக் கோப்பில் எழுதுங்கள். சொந்தத் தரவும் சேர்ந்து போய்விடும் என்பதை அதற்கு முந்தைய வரியிலேயே எழுதுங்கள், பிந்தைய வரியில் அல்ல.

மற்றது போர்ட். யாராவது ஒருவர் கணினியில் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும், 5432 பிடிபட்டிருக்கும். கம்போஸ் கோப்பின் போர்ட் வரியில், கணினியின் போர்ட்டைக் குறிக்கும் இடப்பக்க எண்ணை மட்டும் 5433 என்று மாற்றினால் போதும். வலப்பக்கத்தையும் செயலியின் அமைப்பையும் தொட வேண்டாம், கன்டெய்னர்கள் தங்களுக்குள் 5432இலேயே பேசிக்கொள்ளும்.