கழுத்து ஒடிந்த பார்பியும் காரைக்குடிப் பத்தரும்: பொம்மை மூட்டு சரிசெய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து (பதிவைத் தொடங்கியவர்)

போன பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது இரண்டாங்கட்டுப் பெட்டகத்திலிருந்து என் பார்பி வெளியே வந்தாள். 1986-இல் அத்தை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. மரப்பாச்சிக்குத் துணி சுற்றி விளையாடிய பிள்ளைக்கு, இடுப்பைத் திருப்பி முட்டியை மடக்கி உட்காரும் பொம்மை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவைதான் அப்பத்தா அதைக் கையில் கொடுப்பார்கள்.

அண்ணன் மகள் பொம்மையின் முடியை அலசித் தருகிறேன் என்று ஆசையாக வாங்கிப் போனாள். தலையைக் கழற்றினால் அலசுவது சுலபம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இழுத்தாள். ‘டக்’ என்ற சத்தம் எனக்கு அடுப்படி வரை கேட்டது. தலை ஒரு கையில், உடல் ஒரு கையில், கழுத்து நுனியில் இருந்த குமிழ் இரண்டு துண்டாகத் தரையில். பிள்ளை அழுதுவிட்டது. நானும்தான்.

கழுத்தின் நுனியில் குமிழ் மாதிரி ஒன்று இருக்கும். தலையின் அடியில் இருக்கும் துளை அந்தக் குமிழைவிடச் சின்னது. தலை மெத்தென்ற வினைல் என்பதால் விரிந்து கொடுத்து ஏறி உட்காரும். கழற்றவேண்டுமானால் முதலில் கழுத்துப் பகுதியைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து இளக்க வேண்டும், அல்லது ஹேர் டிரையர் காட்ட வேண்டும். அப்புறம் மெதுவாகச் சாய்த்து எடுத்தால் வந்துவிடும். பல வருஷம் பெட்டிக்குள் இருந்து இறுகிப்போன வினைலை அப்படியே இழுத்தால் விரியாது, குமிழ்தான் போகும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

தெரியாமல் செய்த இரண்டாவது தப்பு என்னுடையது. சூப்பர் க்ளூவை எடுத்துக் குமிழை ஒட்டி, ஈரம் காய்வதற்குள் தலையையும் மாட்டிவிட்டேன். தலை நின்றது, ஆனால் திரும்பவில்லை. மறுநாள் கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் படிந்தால் அப்படித்தான் வெளுக்கும். கரைக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தேடினேன். நல்லவேளை, தடவுவதற்கு முன்னால் படித்துப் பார்த்தேன். அதில் அசிட்டோன் இருந்தால் முகத்தில் இருக்கும் கண்ணும் உதடும் அழிந்துவிடும், உடல் செய்திருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் கரைந்துவிடும். பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க ஒரு வாரம் ஆனது.

விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே யோசனைதான்: “உடலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பொம்மை ஒன்று வாங்கி, அந்த உடலில் இந்தத் தலையை மாட்டுங்கள்.” எனக்கு மனசு ஒப்பவில்லை. இடது முழங்கையில் என் தம்பி பால்பல் பதித்த தடம் இருக்கிறது. பின்புறத்தில் 1966 என்றும் மலேசியா என்றும் அச்சு இருக்கிறது. (1966-இல் செய்தது என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அது அந்த உடலமைப்பின் பதிப்புரிமை ஆண்டு. இடுப்பு திரும்பும் பார்பி 1967-இல் வந்தது. 80களில் செய்த பொம்மைகளிலும் அதே 1966 இருக்கும்.) அந்த உடல் இல்லையென்றால் அது வேறு பொம்மை.

கடைசியில் எங்கள் வீட்டு நகைகளைப் பார்க்கும் பத்தரிடம் போனேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, சாமணத்தால் கழுத்துக்குள் தட்டிப் பார்த்தார்.

“உள்ள கூடால்ல இருக்கு ஆச்சி. பிடிமானம் இல்லாம எதை வெச்சாலும் நிக்காது.”

அவர் சொன்னபடி கழுத்துக் குழலுக்குள் எம்-சீல் அடைத்து ஒரு நாள் காயவிட்டோம். மறுநாள் கைத்துரப்பணத்தால் நடுவில் மெல்லிய துளை போட்டார். அதில் வைக்கப் பித்தளை ஆணி எடுத்தபோது நான் தடுத்தேன். 1960களின் தொடக்கத்தில் வந்த பார்பிகளுக்குக் காதில் தோடு உண்டு. அந்தத் தோட்டுத் தண்டின் செம்பு வினைலோடு சேர்ந்து காதைச் சுற்றிப் பச்சையாகப் படரும். பித்தளையிலும் செம்புதானே இருக்கிறது, கழுத்து பச்சையானால் என்ன செய்வது? பத்தர் ஒரு நிமிஷம் யோசித்தார். “சரிதான் ஆச்சி, களிம்பு ஏறும்” என்று சொல்லிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி வாங்கிவரச் சொன்னார்.

குமிழுக்கு என்ன செய்வது? சட்டைக் காலர் பொத்தான்! அதன் விளிம்பை அரத்தால் உருட்டி, நடுவில் துளை போட்டு, அதன் வழியாகத் திருகாணியை இறக்கி அரால்டைட் வைத்தார். இரண்டு நாள் தொடவில்லை. அப்புறம் தலையின் அடிப்பகுதியைச் சுடுதண்ணீரில் இளக்கி அழுத்தினேன். ஏறி உட்கார்ந்தது. திருப்பினேன், திரும்பினாள். கூலி வாங்க மாட்டேன் என்று விட்டார். வற்புறுத்தி வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வேலையில் நான் புரிந்துகொண்டது இதுதான்: பசை எலும்புக்கு, மூட்டுக்கு அல்ல. அசைய வேண்டிய இடத்தில் ஒரு சொட்டுப் பசையும் படக்கூடாது. நீங்கள் செய்த வேலைகளையும் எழுதுங்கள். கெட்டுப்போனதையும் எழுதுங்கள், அதுதான் எனக்கு அதிகம் உதவும்.

தேவகோட்டையிலிருந்து

ஆச்சி, நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மகளுக்காக ‘மேட் டு மூவ்’ பார்பி வாங்கினோம். 22 மூட்டு உள்ள பொம்மை. ஒரு வருஷத்தில் முழங்காலும் இடுப்பும் தளர்ந்து நிற்க முடியாமல் போனது. விளையாடியதால் வந்த தேய்மானம்தான், பொம்மைமேல் குறை இல்லை.

கடையில் ஹாட் ஏர் கன் இருக்கிறதே என்று காலைக் கழற்ற அதைக் காட்டினேன். அது பலகையிலிருந்து ஈயம் உருக்குகிற சூடு. தொடையில் ஒரு நகம் அளவுக்குப் பளபளவென்று இளகிவிட்டது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தயவுசெய்து ஹேர் டிரையரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தளர்ந்த மூட்டுக்குச் செய்தது ரொம்பச் சாதாரணம். நிறமில்லாத நெயில் பாலிஷை, பந்துபோல் இருக்கும் பகுதியில் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. முழு ராத்திரி காயவிட்டு இன்னொரு பூச்சு. காய்ந்த பிறகுதான் மாட்டினேன். பந்து இம்மி பருத்தாலும் போதும், பிடிமானம் வந்துவிடுகிறது. சில மாசத்தில் தேயும், மறுபடி பூச வேண்டும்.

முழங்கை முளை முறிந்தது வேறு கதை. அந்தச் சின்ன முளை மெழுகு தடவியது போன்ற வழவழப்பான பிளாஸ்டிக்கில் இருந்தது. பாலிபுரொப்பிலீன் வகை என்று நினைக்கிறேன். அதில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது, உரித்தால் தாளாக வந்துவிடும். மூன்று தடவை ஒட்டிப் பார்த்துத்தான் புத்தி வந்தது. பிறகு 0.8 மி.மீ. பிட்டைக் கையாலேயே சுழற்றி இரண்டு பக்கமும் துளைத்து, ஸ்டீல் குண்டூசியின் தலையை வெட்டி உள்ளே இறக்கினேன். இழுவையை ஊசி தாங்குகிறது, பசை சும்மா துணைக்கு. மெஷின் டிரில் வேண்டாம், சுற்றும் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி பிட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

புதுவயலிலிருந்து

காரைக்குடி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் உடலை மாற்றினேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் பொம்மைக்கு முட்டியின் பின்பக்கத் தோல் கிழிந்து உள்ளே இருந்த மடிப்பு எலும்பு வெளியே தெரிந்தது. மடக்கும்போது ‘கிளிக் கிளிக்’ என்று நிற்குமே, அந்தப் பல்சக்கரம் போன்ற எலும்புதான். அதுவே முறிந்துவிட்டது. வெளித்தோலை அறுக்காமல் அதை எடுக்க வழியே இல்லை. முகம்தான் எனக்குப் பொம்மை. ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: தலையின் நிறமும் புது உடலின் நிறமும் பகல் வெளிச்சத்தில் சேர வேண்டும். நான் ராத்திரி டியூப் லைட்டில் பார்த்து வாங்கி ஏமாந்தேன். இப்போது கழுத்துக்குக் கீழே ஒரு சுற்று வெளுப்பாகத் தெரிகிறது.

பழைய உடலைத் தூக்கிப் போடவில்லை. கைகள் நன்றாக இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து

மூட்டு இல்லை, கறை பற்றி எழுதலாமா? கண்டாங்கிப் புடவையில் மிச்சமான துண்டை என் பொம்மைக்குக் கட்டிவிட்டிருந்தேன். அரக்குக் கரை, அவ்வளவு அழகு. ஒரு கோடை முழுக்கக் கண்ணாடி அலமாரியில் அப்படியே நின்றாள். அவிழ்த்தபோது இரண்டு காலிலும் அரக்கு நிறம் இறங்கியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. சாயம் வினைலுக்குள்ளேயே போய்விடுகிறது.

மருந்துக் கடையில் முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு ஜெல் வாங்கினேன், 5 சதவீதம். கறை மேல் மட்டும் தடவி, காயாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, முற்றத்து வெயிலில் வைத்தேன். தினமும் துடைத்து மறுபடி தடவினேன். பதினொரு நாளில் வலது கால் தெளிந்தது. இடது காலில் அவசரப்பட்டு நிறையத் தடவிவிட்டேன், கறையோடு தோலின் நிறமும் வெளுத்துவிட்டது. அது திரும்ப வராது. முகத்துப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, வரைந்த கண்ணெல்லாம் போய்விடும். இப்போது அடர்நிறத் துணி என்றால் உள்ளே வெள்ளை மல் துணி சுற்றிவிட்டுத்தான் கட்டுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து

எல்லாரும் சுடுதண்ணீர், டிரையர் என்று எழுதுவதைப் பார்த்துப் பயந்துதான் இதை எழுதுகிறேன். நம் பக்கத்து வீடுகளில் பார்பி மட்டும் இல்லை. ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் பொம்மை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. காற்றுபோல லேசாக இருக்கும். அது செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. நெருப்பு பட்டால் பக்கென்று பிடிக்கும், சுடுதண்ணீரில் நசுங்கிவிடும். தெரிந்துகொள்வது சுலபம்: விரலால் வேகமாகத் தேய்த்து மூக்கருகில் வைத்தால் கற்பூர வாசனை வரும். வந்தால் சூடு காட்டவே கூடாது, பூஜை அறையில் விளக்குக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

எங்கள் பொம்மைக்குக் கைகள் தொங்கிவிட்டன. உள்ளே இரண்டு கையையும் இழுத்துப் பிடித்திருந்த ரப்பர் கயிறு இற்றுப்போயிருந்தது. தையல் கடையில் உருண்டை எலாஸ்டிக் வாங்கி, வளைத்த கம்பியால் உள்ளே கோத்து முடிச்சுப் போட்டேன். ரொம்ப இறுக்கினால் தோள்பட்டை விரிசல் விடும். கை தூக்கினால் நிற்கிற அளவுக்கு இழுவை போதும்.

காரைக்குடியிலிருந்து

கானாடுகாத்தான் ஐயா, எழுதியதற்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்ததும் பெட்டகத்தில் இருந்த இன்னொரு பொம்மையைத் தேய்த்துப் பார்த்தேன். கற்பூர வாசனை! தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

புதுவயல் தங்கச்சிக்கு: கோபமெல்லாம் இல்லை. முட்டி எலும்பு போயிருந்தால் நானும் திணறித்தான் போயிருப்பேன். ஆனால் யாருக்காவது விற்பதாக இருந்தால் உடல் மாற்றியதைச் சொல்லி விற்றுவிடுங்கள். சேகரிப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கால் பிசுபிசுப்பதாகத் தனியாகக் கேட்ட இருவருக்கும் சேர்த்து: என் பொம்மைக்கும் அது இருந்தது. வினைலை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வருஷக்கணக்கில் வெளியே கசிகிறது, நம் சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கொஞ்சம் முகப்பவுடர் தடவினால் சில மாசம் தாங்கும். நிரந்தரத் தீர்வு இல்லை. தகரப் பெட்டி, பிளாஸ்டிக் பை, காலைச் சேர்த்துக் கட்டும் ரப்பர் பேண்ட் மூன்றும் வேண்டாம். அந்துருண்டையும் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். எங்கள் வீட்டில் பட்டுப் புடவைக்குப் போட்ட உருண்டைதான் பக்கத்தில் இருந்த பொம்மைச் செருப்பை உருக்கியது.

என் பார்பி இப்போது பழைய வேட்டித் துணி சுற்றி, மூடி போட்ட பனையோலைக் கொட்டானில் முகப்புப் பக்கத்து அறையில் இருக்கிறாள். தலை வலப்பக்கம் முழுக்கத் திரும்புகிறது. இடப்பக்கம் பாதியில் நிற்கிறது, பொத்தானின் ஒரு விளிம்பு இடிக்கிறது போல. பத்தருக்குக் கல்யாண வேலை முடியட்டும், இன்னொரு தடவை அரம் போடச் சொல்ல வேண்டும்.