"மாண்டரின் பேசுவீங்களா?" – இன்டர்வியூவில் எனக்கு நடந்தது. உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஈசூன் பொண்ணு:
இங்க சிங்கப்பூர்ல போன செவ்வாய்க்கிழமை நடந்தது. இன்னும் மனசு ஆறல.

கணக்குப் பிரிவு வேலை. பாலிடெக்னிக் முடிச்சு ஆறு வருஷமா இதைத்தான் பார்க்கிறேன். விளம்பரத்துல எக்செல், ஜிஎஸ்டி தாக்கல், மூணு வருஷ அனுபவம், இவ்வளவுதான் கேட்டிருந்தாங்க. மொழியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எனக்குக் கிறிஸ்துவப் பேரு. அப்பா பேரை ஒரே எழுத்தாச் சுருக்கிப் போட்டிருந்தேன். போன்ல பேசின அந்த ஆபீஸ் அம்மா அவ்வளவு அன்பாப் பேசினாங்க. எப்போ சேர முடியும்னுகூடக் கேட்டாங்க.

அறைக்குள்ள நுழைஞ்சதும் என்னைப் பார்த்தாங்க, கையில இருந்த தாளைப் பார்த்தாங்க, மறுபடி என்னைப் பார்த்தாங்க. "ஓ, நீங்க இந்தியரா?" அடுத்த கேள்வி, மாண்டரின், அதாவது சீன மொழி, பேசுவீங்களா. இல்லைன்னேன். "எங்க டீம்ல எல்லாரும் மாண்டரின்தான். உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்." ஜிஎஸ்டி பத்தி ஒரு கேள்விகூடக் கேக்கல. பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. நான் நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். அந்த நன்றியை ஏன் சொன்னேன்னுதான் ராத்திரி பூரா நினைச்சுட்டு இருந்தேன். அம்மா கேட்டதுக்கு, கூப்பிடுறதாச் சொல்லியிருக்காங்கன்னு பொய் சொன்னேன்.

பழைய தோ பாயோ:
கண்ணு, எனக்கு 61 வயசு. நான் வேலை தேடின காலத்துல பத்திரிகை விளம்பரத்துலயே எந்த இனத்து ஆள் வேணும்னு அச்சடிச்சுப் போடுவாங்க. 1999ல அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூணு தரப்பும் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி வந்த பிறகுதான் அது குறைஞ்சுது. இப்போ விளம்பரத்துல இல்ல, உள்ள போய் உட்கார்ந்த பிறகு தெரியுது. அவ்வளவுதான் மாறியிருக்கு.

கிளினிக் அக்கா:
உன் வேதனை புரியுதும்மா. ஆனா மொழி கேட்டாலே இனவாதம்னு சொல்லிட முடியாது. நான் வேலை பார்க்கிற இடத்துக்கு வர்ற சீனப் பாட்டிங்க பலருக்கு இங்கிலீஷ் வராது. மருந்தை எப்படிச் சாப்பிடணும்னு அவங்களுக்குப் புரியுற மொழியில சொல்ல ஒரு ஆள் வேணும். அதே மாதிரி தமிழ் தெரிஞ்சதாலதான் எனக்கு இந்த வேலை கிடைச்சுது.

அங் மோ கியோ தம்பி:
அக்கா, நீங்க சொல்ற வேலைக்கு மொழி வேணும், ஒத்துக்கிறேன். எனக்கு நடந்ததையும் கேளுங்க.

அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலை. என்னை வளர்த்தது எதிர்வீட்டுச் சீனப் பாட்டி. மாண்டரின் எனக்குத் தண்ணி மாதிரி வரும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விற்பனை வேலைக்குப் போனேன். அந்த மேனேஜர் எடுத்த எடுப்புல, "இந்த வேலைக்கு மாண்டரின் வேணுமே"ன்னாரு. நான் மாண்டரின்லயே பதில் சொன்னேன். மனுஷன் அசந்துட்டாரு. வெளியில இருந்த ஆளுங்களைக் கூப்பிட்டு எங்கிட்டப் பேச வச்சாரு. எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கு வேலை கிடைச்ச மாதிரிதான் இருந்துச்சு.

கடைசியில கதவு வரைக்கும் கூட வந்து மெதுவாச் சொன்னாரு: "எங்க வாடிக்கையாளர் எல்லாம் பழைய ஆளுங்க. போன்ல சரி. நேர்ல உன்னைப் பார்த்தா தயங்குவாங்க."

எனக்கு அந்தப் பாட்டி ஞாபகந்தான் வந்துச்சு. அவங்களும் பழைய ஆளுதான்.

மனிதவளம் 12 வருஷம்:
நான் ஆளெடுக்கிற பக்கத்துல இருக்கேன். தம்பிக்கு நடந்ததைப் படிச்சு வெட்கமா இருக்கு.

ஒரு வேலைக்குக் குறிப்பிட்ட மொழி தேவைன்னா அது ஏன் தேவைன்னு நிறுவனம் காரணம் காட்டணும். இது முத்தரப்பு வழிகாட்டியிலயே இருக்கு. "டீம்ல எல்லாரும் பேசுறாங்க"ங்கிறது வேலைக்கான காரணம் இல்ல. மருந்து விளக்கிச் சொல்றது காரணம். 2025 ஜனவரியில நாடாளுமன்றத்துல நிறைவேறின வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்துல இனம், மொழித்திறன் ரெண்டுமே வருது. ஆனா 25 பேருக்குக் குறைவா இருக்கிற நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. எனக்கு அதுல வருத்தம் உண்டு. நான் கேள்விப்படுற கதைகள்ல பாதி சின்ன ஆபீஸ்லதான் நடக்குது.

ஈசூன் தங்கச்சி, அவங்க சொன்ன வார்த்தைகளைத் தேதி, நேரத்தோட இன்னைக்கே எழுதி வைங்க. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துருங்க, நாளைக்குத் தூக்கிடுவாங்க. அதுல மொழி பத்தி ஒண்ணும் இல்லைங்கிறதுதான் உங்க கையில இருக்கிற பெரிய சாட்சி. அப்புறம் டாஃபெப்ல, அதாவது வேலையிடப் பாகுபாடு பத்தின புகாரைக் கவனிக்கிற முத்தரப்பு அமைப்புல, புகார் கொடுங்க. தப்புன்னு தெரிஞ்சா, வெளிநாட்டு ஊழியர்களுக்கு வேலை அனுமதி எடுக்கிற சலுகையை மனிதவள அமைச்சு நிறுத்தி வைக்கலாம். நிறுவனங்கள் அதுக்குத்தான் ரொம்பப் பயப்படுறாங்க. ஒரே ஒரு இன்டர்வியூவை வச்சு நிரூபிக்கிறது கஷ்டம். அதையும் சொல்லிடுறேன். இருந்தாலும் அதே நிறுவனத்து மேல இன்னொருத்தர் கொடுத்த புகார் ஏற்கெனவே அங்க இருக்கலாம்.

ஈசூன் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. விளம்பரம் இன்னும் இருந்துச்சு, எடுத்து வச்சுட்டேன். எழுத உட்கார்ந்தா பத்து நிமிஷப் பேச்சு ரெண்டு பக்கம் வந்துச்சு. புகாரை நேத்து அனுப்பிட்டேன்.

அம்மாகிட்டயும் உண்மையைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அந்த ரெண்டு பக்கத்தையும் வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க.